நாலாம் நம்பர் கத்தி

ஜூன் 3, திங்கள்

மேடம், நீங்கள் கொடுத்த நோட்டில் முதல் பக்கம். தினமும் ஏதாவது எழுது, மனசு லேசாகும் என்றீர்கள். செப்டம்பர் நான்காம் தேதி இந்த நோட்டோடு வந்து நிற்க வேண்டும், நன்னடத்தை அதிகாரி என்ற முறையில் இதையும் பார்த்துத்தான் அறிக்கை எழுதுவேன் என்றும் சொன்னீர்கள். இரண்டாவதைக் கேட்ட பிறகு மனசு எங்கே லேசாவது?

உங்களுக்குத் தெரிந்ததை வைத்தே ஆரம்பிக்கிறேன். மாசிலாமணி, வயது நாற்பத்தேழு. கொலை வழக்கில் ஆயுள் தண்டனை. பதினோரு வருடம் உள்ளே இருந்தேன். நன்னடத்தை பார்த்து முன்கூட்டியே விட்டிருக்கிறார்கள். ஒரு வேலையில் இருக்க வேண்டும், சொன்ன இடத்தில் தங்க வேண்டும், என் பேரில் புகார் வரக்கூடாது. இதில் எது தவறினாலும் மிச்சத் தண்டனைக்குத் திரும்பிப் போக வேண்டும். ஆயுள் தண்டனையில் மிச்சம் எவ்வளவு என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்காது.

வேலை பொள்ளாச்சி மார்க்கெட் பக்கம், சௌந்தரம் மெஸ்ஸில். சைவச் சாப்பாடு, மதியம் மட்டும். மாலை ஐந்து மணிக்கு அடுப்பு அணைந்துவிடும். தங்குவது கடைக்கு மேலே உள்ள அறையில். என்னோடு உள்ளே இருந்த காளியப்பன் அண்ணனும் இங்கேதான். அவருக்கு வயது ஐம்பத்தாறு. பதினான்கு வருடம் உள்ளே இருந்தவர், அதில் பத்து வருடம் சிறைச் சமையற்கட்டில். அவருக்கும் அதே நிபந்தனைகள்.

கடை சௌந்தரம் அம்மாவுடையது. அறுபதைத் தாண்டியவர். எங்களை நிற்கவைத்து ஒன்றுதான் சொன்னார்.

"சாப்பிட வர்றவங்ககிட்ட நீங்க எங்கிருந்து வந்தீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லிக்க வேண்டாம். எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

பெரிய மனசு என்று காளியண்ணன் இரவு முழுக்கப் புகழ்ந்தார். விசாரித்ததில், ஆறு மாதத்தில் ஐந்து பேர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு ஓடியிருக்கிறார்கள். சொல்லாமல் ஓட முடியாத ஆட்கள் நாங்கள்தானே.

ஜூன் 4

எனக்குக் காய்கறி நறுக்குகிற வேலை. அம்மா கத்தியைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். உள்ளே சமையற்கட்டிலும் காய்தான் நறுக்கினேன், ஆனால் அங்கே கத்திகளைச் சங்கிலியில் கோத்து மேஜையோடு பூட்டியிருப்பார்கள். சங்கிலி இல்லாத கத்தியைப் பிடித்துப் பதினோரு வருடம் ஆகிறது. அது லேசாக இருந்தது பிடிக்கவில்லை.

வெண்டைக்காய் எட்டு கிலோ. விரலில் ஒரு வெட்டு. வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 9, ஞாயிறு

கடைக்கு விடுமுறை. எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் ரசம் வைக்கிறேன் என்று காளியண்ணன் இறங்கினார். ஆயிரத்து எழுநூறு பேருக்குச் சாம்பார் வைத்தவருக்கு இரண்டு பேருக்கு ரசம் வைக்க வரவில்லை. உப்பை அள்ளிப் போட்டுவிட்டார். வாயில் வைக்க முடியவில்லை.

"தம்பி, கையி அளவு மறந்துபோச்சு. இன்னும் ஒரு ஆயிரத்தி அறுநூத்திச் சொச்சம் பேரு வந்தாத்தான் இந்த ரசம் செரியாகும்."

வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அவர், "அத்தன பேரும் அங்கதான் இருக்கறாங்க," என்றார். அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை.

அவருடைய விடுதலை மனுவை எழுதியது நான். உள்ளே எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுத்தது நான்தான். எதை எழுத வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜூன் 17, திங்கள்

இன்று என்னைப் பாராட்டினார்கள். பாராட்டை நோட்டில் எழுதுவது கூச்சமாக இருந்தாலும், அறிக்கைக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

உள்ளே பூட்டுகிற நேரத்துக்கு முன்னால் கத்திகளை எண்ணுவார்கள். எண்ணிக்கை சரியாகும்வரை சமையற்கட்டு ஆட்கள் எல்லோரும் முற்றத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கையையும் தலையில் வைத்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் முதலில் அடி, பிறகுதான் தேடல்.

இங்கே அந்த வழக்கம் கிடையாது. ஆனால் நாலரை மணி ஆனால் எனக்குக் கை பரபரக்கிறது. எண்ணாமல் இருக்க முடியவில்லை. அதனால் சுவரில் ஏழு ஆணி அடித்து, ஏழு கத்திப் பிடிகளிலும் சிவப்புப் பெயிண்டில் ஒன்று முதல் ஏழு வரை எழுதி மாட்டினேன். தினமும் எண்ணிவிட்டு, "ஏழுங்கம்மா" என்று குரல் கொடுக்கிறேன்.

"இருவது வருசமாக் கடை நடத்தறேன். வாரம் ஒரு கத்தி காணாமப் போகும். இப்பத்தான் கத்தி கத்தியா இருக்குது," என்றார் அம்மா.

காளியண்ணன் மட்டும் முகத்தைச் சுளித்தார். "ஏந் தம்பி, வெளிய வந்தும் எண்ணிக்கையா? அந்தச் சத்தங் கேட்டா எனக்கு முட்டி தானா மடங்குது."

ஜூன் 18

ஏழு.

ஜூலை 2, செவ்வாய்

காளியண்ணனுக்குக் கை அளவு திரும்பிவிட்டது. அவர் வைக்கும் கொள்ளு ரசத்துக்கு ஆட்கள் இரண்டாம் தடவை டம்ளரை நீட்டுகிறார்கள். மார்க்கெட் தேங்காய் மண்டிக்காரர் ஒருவர் சமையற்கட்டுவரை வந்து, "யாருங்க ரசம் வெச்சது?" என்று கேட்டு, அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். காளியண்ணன் அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது.

எனக்கும் சந்தோஷம்தான். வெண்டைக்காய் நறுக்குகிறவனை யாரும் தேடி வந்து கை குலுக்கப் போவதில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

அம்மாவின் மருமகன் சிவநேசன் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தார். கடையின் பாதிப் பொறுப்பு அவருடையது. நாங்கள் வந்ததிலிருந்தே அவருக்கு முகம் சரியில்லை. நான் கேட்கும்படியாகவே பேசினார். கேட்கட்டும் என்றுதான் பேசினார்.

"அத்தை, ஒருத்தரை வெச்சிருந்தா தர்மம். ரெண்டு பேரை வெச்சிருந்தா என்ன பேருங்க அதுக்கு? மூணு மாசம் முடியறப்ப ஒருத்தர் போதும். யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

அம்மா கல்லாச் சில்லறையை அடுக்கிக்கொண்டே கேட்டார். மறுக்கவில்லை.

மேடம், வேலை போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வேறு வேலை தேட முப்பது நாள் தருவீர்கள். ஆயுள் கைதிக்கு முப்பது நாளில் யார் வேலை தருவார்கள்? எனக்குப் பெற்ற தாய் இல்லை, வீடு இல்லை, விலாசம் என்று எழுத இந்த மெஸ்ஸின் மாடியைத் தவிர ஒன்றும் இல்லை. இன்று மாலை கடை ஷட்டரை இறக்கினார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கு வேர்த்துவிட்டது.

காளியண்ணன் சமாதானம் சொன்னார். "ரெண்டு பேத்தையும் வெச்சுக்குவாங்க தம்பி. அம்மா அப்படிப்பட்டவங்க இல்ல." அவரால் அப்படிச் சொல்ல முடியும். ரசம் அவர் கையில் இருக்கிறது.

ஜூலை 8

இன்று எழுத ஒன்றுமில்லை. ஏழு.

ஜூலை 14, ஞாயிறு

மழைத் தூறல். மாடியில் படுத்துக்கொண்டு பழசைப் பேசினோம். ஆறு வருடத்துக்கு முன்னால் உள்ளே ஒரு தடவை மதியப் பூட்டுக்கு முந்தைய எண்ணிக்கையில் கத்தி ஒன்று குறைந்தது. மதியம் ஒரு மணியிலிருந்து வெயிலில் குத்தவைத்து உட்காரவைத்தார்கள். எனக்கு மயக்கம் வந்து சாய்ந்தேன். பக்கத்தில் இருந்த காளியண்ணன் தலையிலிருந்து ஒரு கையை எடுத்து என்னைத் தாங்கிப் பிடித்தார். கையை எடுத்ததற்காக அவருக்கு முதுகில் லத்தி விழுந்தது. பிடித்த கையை விடவில்லை.

கடைசியில் கத்தி காய்த் தோல் தொட்டியில் இருந்தது. யாரும் திருடவில்லை. நறுக்கிய தோலைக் கூட்டி அள்ளும்போது சங்கிலி கழன்ற கத்தியும் சேர்ந்து போயிருக்கிறது.

"கத்திக்குக் காலா இருக்குது? எங்க போகும்? தோலோடதான் போகும். எப்பக் கொறஞ்சாலும் மொதல்ல தொட்டியப் பாக்கோணும்," என்று அன்றைக்குச் சொன்னதையே இன்றும் சொன்னார்.

ஜூலை 19, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. மாகாளியம்மன் கோயில் கூட்டம் எல்லாம் நம் கடைக்கே வந்ததுபோல் இருந்தது. காலை ஆறு மணியிலிருந்து பூசணி நறுக்கினேன். தோல் தொட்டி நிறைந்து வழிந்தது.

மாலை நாலரைக்கு எண்ணினேன். ஆறு. நாலாம் நம்பர் ஆணியில் ஒன்றுமில்லை. மறுபடி எண்ணினேன். "ஒண்ணு கொறையுதுங்கம்மா," என்று குரல் கொடுத்தேன். எப்போதும் கொடுப்பதைவிடக் கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது.

காளியண்ணன் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்ன அடுத்த நொடி, கையிலிருந்த தேங்காய் நார் கீழே விழுந்தது. ஈரத்தரையில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டார். கண்ணை மூடியிருந்தார். 

அந்த நேரம் பார்த்து, ஆடி வெள்ளிக்காகக் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த சிவநேசன் உள்ளே வந்தார். பின்னாலேயே பரிமாறுகிற இரண்டு பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். "என்ன காணோம்? எதுக்கு இவன் இப்படி உக்காந்திருக்கறான்?" என்றார். கத்தி என்று நான் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "எங்க வெச்சிருக்கற? எதுக்கு எடுத்த?" என்று கத்தினார். காளியண்ணனுக்கு வாய் திறக்கவில்லை. அப்படி உட்கார்ந்தால் பேசக்கூடாது என்பது உள்ளே விதி. வெளியே இருப்பவர்களுக்கு அது எப்படிப் புரியும்? செய்தவன்தான் இப்படி உட்காருவான் என்று நினைத்துவிட்டார்கள்.

எல்லா இடத்திலும் தேடினோம். கிரைண்டர் அடியில், அரிசி மூட்டைக்குப் பின்னால், மாடியில் எங்கள் இரண்டு பேர் பையிலும். தோல் தொட்டியை நான் பார்த்தேன். இல்லை.

நாலாம் நம்பர் யார் கையில் இருந்தது என்று சிவநேசன் கேட்டார். யாருக்கும் நினைவில்லை.

அம்மா காளியண்ணனின் தோளைத் தொட்டு, "எந்திரிங்க, இது அந்த எடமில்ல," என்றார். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. ஆறு மணி பஸ்ஸுக்குள் அவரைக் கிளம்பச் சொல்லிவிட்டார் சிவநேசன். பெண்கள் வேலை செய்கிற இடம், கத்தியோடு ஒருத்தன் இருக்க முடியாது என்றார். அம்மா தடுத்துப் பார்த்தார். பெண்கள் இரண்டு பேரும், அவர் இருந்தால் நாளை வரமாட்டோம் என்று சொன்னதும் ஓய்ந்துவிட்டார்.

ஐந்தேகாலுக்கு வழக்கம்போல மாட்டுக்காரர் நஞ்சப்பன் தோல் எடுக்க வந்தார். தொட்டியை நானே தூக்கி வண்டியில் வைத்தேன். கனமாக இருந்தது. பூசணித் தோல் அல்லவா.

ஜூலை 20, சனி

சிவநேசன் கொடுத்த புகாருக்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள். நடந்ததைத் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். தோல் தொட்டியைச் சோதித்தேன், கத்தி இல்லை என்பதையும் எழுதினேன். "நல்லாத்தான் எழுதறே," என்றார் ஏட்டு.

ஆறு.

ஜூலை 22, திங்கள்

காளியண்ணனைப் பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பிடித்துவிட்டார்கள். உங்கள் ஊருக்கு வந்து உங்களைப் பார்க்கத்தான் காத்திருந்தாராம். சனி, ஞாயிறு உங்கள் அலுவலகம் இல்லாததால் அங்கேயே படுத்திருக்கிறார். சொன்ன இடத்தில் தங்கவில்லை, பேரில் புகார் இருக்கிறது, கையில் வேலை இல்லை. நிபந்தனை மூன்றும் போனவருக்கு அந்த முப்பது நாள் தவணையும் கிடையாதாம். கத்தி அவரிடம் இல்லை. அதனால் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார் என்கிறார்கள். மறுபடி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். விடுதலையை ரத்து செய்ய எழுதியிருக்கிறார்களாம்.

நான் ஒன்றும் செய்யவில்லை. எண்ணினேன், குறைந்தது, சொன்னேன். எண்ணுகிறவன் வேலை அதுதானே?

ஜூலை 23

ஆறு.

ஜூலை 24

ஆறு. புதுக் கத்தி வாங்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார் அம்மா.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. ரசம் இப்போது நான்தான் வைக்கிறேன். தேங்காய் மண்டிக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "அந்தப் பெரியவர் இல்லீங்களா?" என்றார். ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

அம்மா ஒருநாள் லீவு கொடுத்து, காளியண்ணனைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். நானாகக் கேட்கவில்லை. பையில் முறுக்கும் இரண்டு துண்டும் வைத்து அனுப்பினார்.

வெளியாளாக அந்தக் கதவுக்கு முன்னால் நிற்பது இதுதான் முதல் தடவை. பெயரைச் சொல்லச் சொன்னார்கள். எனக்கு வாயில் பழைய கைதி நம்பர்தான் முதலில் வந்தது.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் காளியண்ணன். சட்டை தொளதொள என்று தொங்கியது. ஆனால் என்னைப் பார்த்ததும் அவர்தான், "என்ன தம்பி, நெம்ப எளச்சுட்டே," என்றார்.

"சாப்பாடெல்லாம் எப்படிங்ணா?"

"மறுபடி சமையக்கட்டுலதான் போட்டிருக்கறாங்க. இங்க உப்பு செரியா விழுகுது போ." சிரிக்கப் பார்த்தார். பிறகு வலைக்குப் பக்கத்தில் வந்தார். "கத்தி கெடச்சுதா?"

"இல்லீங்ணா."

"தோல் தொட்டியப் பாத்தியா?"

"பாத்தேங்ணா. இல்ல."

"நீ பாத்திருந்தாச் செரிதான்," என்றார். உடனே சொன்னார். யோசிக்கக்கூட இல்லை. "அன்னைக்கு நான் உக்காந்திருக்கக் கூடாது தம்பி. புத்திக்குத் தெரியுது, காலுக்குத் தெரியல. அம்மாவோட மாப்பிள்ளையக் குத்தஞ் சொல்லக் கூடாது. யாராருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க."

நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்தார்கள். எழுந்து போகிறவர் திரும்பி வந்து, "எனக்கொரு மனு எழுதிக் குடு தம்பி. உன்ற கையெழுத்துக்கு ராசி உண்டு. போன தடவ உன்ற மனுவுலதான வெளிய வந்தேன்," என்றார்.

எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 13

மனு எழுத உட்கார்ந்தேன். மரியாதைக்குரிய ஐயா என்பதற்கு மேல் போகவில்லை. கை வலி.

ஆகஸ்ட் 15, வியாழன்

என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சிவநேசன் சொன்னார். "நீ பரவால்ல. அவனோட இருந்துட்டு, நேர்மையா வாயத் தொறந்து சொன்ன," என்றார். எல்லோருக்கும் பாயசம். நான் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. இனிப்பு அதிகம்.

ஆகஸ்ட் 28, புதன்

மூன்றரை மணிக்கு மாட்டுக்காரர் நஞ்சப்பன் வந்தார். வழக்கமான நேரமில்லை. இடது காலில் பெரிய கட்டு, கையில் கோல். மடியிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்து அம்மா முன்னால் மேஜையில் வைத்துப் பிரித்தார். துருப்பிடித்த கத்தி. பிடியில் சாணி காய்ந்து ஒட்டியிருந்தது. அதற்கு நடுவில் சிவப்புப் பெயிண்டில் நாலு.

"உங்க கடைக் கத்திங்களா பாருங்க. நம்பரு போட்டிருக்குது. நேத்து எருக்குழியில எரு வாரறப்பக் காலக் கிழிச்சுருச்சு. ஏழு தையலுங்க. மாடு தின்னு மிச்சத்தையெல்லாம் குழியிலதான தள்ளுவேன். மாட்டு வாயில கீது போயிருந்தா என்னாகறதுங்க? தோல் போடறவங்க பாத்துப் போடக் கூடாதா?"

அம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்டு, சாப்பிடவைத்து அனுப்பினார். போனில் விஷயத்தைக் கேட்ட சிவநேசனுக்குச் சந்தேகமே இல்லை. "தேடறாங்கன்னு தெரிஞ்சதும் காளியப்பன்தான் தொட்டிக்குள்ள போட்டிருப்பான் அத்தை. மொதல்லயே இருந்திருந்தா மாசிலாமணி பாத்திருப்பான்ல? ஸ்டேஷன்லயே எழுதிக் குடுத்திருக்கறானே," என்றார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

அம்மா கத்தியைத் தானே தேய்த்துக் கழுவினார். துரு முழுசாகப் போகவில்லை. நாலாம் நம்பர் ஆணியில் மாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எண்ணு."

எண்ணினேன். "ஏழுங்கம்மா."

"அன்னைக்குத் தொட்டியப் பாத்தேன்னு நீதான சொன்ன?"

"பாத்தேங்கம்மா."

"செரி," என்றார்.

ஆகஸ்ட் 30

இரண்டு நாளாக நாலரை மணிக்கு அம்மா என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார். எண்ணு என்கிறார். எண்ணுகிறேன். போய்விடுகிறார். வேறு பேச்சு இல்லை.

செப்டம்பர் 2, திங்கள்

இன்றைக்குப் பேசினார்.

"நான் ஸ்டேஷனுக்குப் போன் பண்ண மாட்டேன். உன்னயப் போகச் சொல்லவும் மாட்டேன். நீ இங்கயே இருந்து பொழச்சுக்க. ஆனா அந்த மனுசன் கையில சோறு வாங்கித் தின்னவன் நீ. தெனமும் அந்த ஆணியப் பாத்து எண்ணோணும். அதத்தான் நெனச்சேன், பாவம்."

பாவம் என்று சொன்னது என்னையா அவரையா என்று கேட்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மேடம், நாளை நோட்டைக் கொடுக்க வேண்டும். இரண்டு வழி இருக்கிறது. ஜூலை பத்தொன்பதாம் தேதிப் பக்கத்தைக் கிழித்து என்மேல் சந்தேகம் வராதபடி வேறு எழுதிவிடலாம், பேனாவும் அதே பேனாதான். இல்லாவிட்டால் இதை எழுதலாம். மாலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நாலாம் நம்பர் கத்தியில் பூசணி நறுக்கியது நான். தோலைக் கூட்டி அள்ளித் தொட்டியில் கொட்டியதும் நான். நாலு மணிக்குக் கடைசிக் கூடையைக் கொட்டும்போது தோலுக்கு நடுவில் சிவப்புப் பெயிண்ட் தெரிந்தது. எடுக்கக் குனிந்தேன். எடுக்கத்தான் குனிந்தேன், அதை மட்டும் நம்புங்கள்.

அந்த நேரத்தில் முன்பக்கம் அம்மா சிவநேசனிடம் பேசுவது கேட்டது. "ஒருத்தர்னா காளியப்பன வெச்சுக்கலாம் மாப்பிள்ளை. ரசத்துக்குன்னே ஆளு வருது. மாசிலாமணி நல்லவன்தான், ஆனாக் காய் நறுக்க ஆரு வேணா வருவாங்க." அவர் சொன்னது நியாயம். நானாக இருந்தாலும் அவரைத்தான் வைத்துக்கொண்டிருப்பேன்.

கையை வெளியே எடுத்தேன். கத்தியோடு அல்ல. பூசணித் தோலை இரண்டு கை அள்ளி அதன்மேல் போட்டு மூடினேன். பிறகு அரை மணி நேரம் காத்திருந்து, எண்ணி, சத்தமாகச் சொன்னேன்.

அவர்மேல் கொஞ்சம் கெட்ட பெயர் விழட்டும் என்றுதான் நினைத்தேன். அவர் அப்படி உட்காருவார் என்று நினைக்கவில்லை. இப்படி எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் மனு மாதிரி இருக்கிறது. எண்ணிக்கைச் சத்தம் கேட்டால் முட்டி தானாக மடங்குது என்று ஜூன் மாதமே அவர் சொல்லியிருக்கிறார், நானே அதை இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எனக்குத் தெரியும்.

அவருக்கு மடங்கிய முட்டி எனக்கு ஏன் மடங்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் பதினோரு வருடம் அப்படி உட்கார்ந்தவன்தான். கத்தி எங்கே என்று தெரிந்தவனுக்குப் பயம் வராது மேடம். அதனால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

என் வழக்கையும் எழுதிவிடுகிறேன். பதினோரு வருடமாக அதை "அந்த விஷயம்" என்றே சொல்லிப் பழகிவிட்டேன். தெருக்குழாயில் யார் குடம் முதலில் என்ற சண்டை. பக்கத்து வீட்டு ராஜாமணி. நான் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவன் கத்தியோடு எழுந்து போனேன். அதைக் கீழே வைத்துவிட்டுப் போயிருந்தால் ஓர் அறையோடு முடிந்திருக்கும். அன்றைக்குக் கையில் கத்தி இருந்ததால் ஒருவர் போனார். இந்தத் தடவை கத்தியைத் தொடாமலே ஒருவரை அனுப்பிவிட்டேன்.

ஆத்திரத்தில் செய்தேன் என்று அன்றைக்குச் சொல்ல முடிந்தது. இப்போது என்ன சொல்வது? நிதானமாகச் செய்தேன். வெட்கமாக இருக்கிறது. உள்ளே திரும்பிப் போகப் பயமாக இருக்கிறது, அதுவும் உண்மை. அங்கே அந்தச் சமையற்கட்டில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், அந்தப் பயத்தைவிட இதுதான் பெரிதாக இருக்கிறது.

காளியண்ணன் கேட்ட மனு இதுதான். ஜூன் மூன்றிலிருந்து ஒரு பக்கமும் கிழிக்கவில்லை. இதை வைத்து அவரை வெளியே விடுங்கள். ரசத்துக்கு ஆள் இல்லை என்று சௌந்தரம் அம்மா கேட்டால் அவரை அனுப்புங்கள்.

செப்டம்பர் 4, புதன்

காலையில் கிளம்பும்போது மணி ஆறு. எண்ணுகிற நேரமில்லை, ஆனாலும் எண்ணிவிட்டு, "ஏழுங்கம்மா," என்றேன். அம்மா நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பஸ்ஸுல பசிக்கும்," என்று இட்லிப் பொட்டலம் கொடுத்தார். வாங்கி வந்திருக்கிறேன். பிரிக்கவில்லை.

இப்போது உங்கள் அலுவலக வராண்டா. நீங்கள் இன்னும் வரவில்லை. உட்காரு, கூப்பிடுவாங்க என்று பியூன் பெஞ்சைக் காட்டினார். அதில் உட்கார முடியவில்லை. தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறேன். முட்டி தானாக மடங்கிவிட்டது. நோட்டு முழங்கால்மேல் இருக்கிறது. இடது கையைத் தலையில் வைத்துவிட்டேன். வலது கை இதை எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் வண்டிச் சத்தம் கேட்கிறது. எழுதி முடித்துவிட்டேன், அந்தக் கையையும் வைத்துக்கொள்கிறேன்.